அடியில்லாத ஒரு டின்: ஞானம்மாள் நினைவாக

"டீச்சர், ஒரு சொம்பு தண்ணிய மண்ணு எத்தினி நேரத்துல குடிக்கும்?"

முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை எந்த வகுப்பிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர் என் மாணவியும் அல்ல. தினமும் காலையில் கேனோடு வந்து எனக்குப் பால் ஊற்றும் ஞானம்மாள். நான் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். அது எந்த மண் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது என்றேன்.

"அது தெரியும். எங்க புல்லு காட்டு மண்ணு. செருப்பு மாட்டிக்கினு வா டீச்சர், பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அந்தக் காலையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தப் புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு நாள், வழக்கமான நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பாத்திரத்தோடு வெளியே வந்தேன். பால் வந்திருந்தது. கொண்டுவந்தவர் கஸ்தூரி. ஞானம்மாளோடு சேர்ந்து புல்வெளியை நடத்தும் நான்கு பெண்களில் ஒருவர். பாலை ஊற்றி முடித்து, கேனை மூடினார். பிறகு, "ஞானக்கா பூட்டாங்க டீச்சர். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில, விடிகாலையில. நெஞ்சு வலி" என்றார்.

நான், "நீ ஏம்மா பாலைத் தூக்கிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"மாடு காத்துக்கினு இருக்குமா டீச்சர்? கறக்காம உட்டா அக்கா எழுந்து வந்து திட்டும்" என்றார் கஸ்தூரி. அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதோம்.

ஞானம்மாளை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லப் புதிதாக அதிகம் இல்லை. ஆனால் தாங்கல் மீன் செத்த அந்த ஆண்டில் நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறீர்கள். சிலர் என்னையும் அதில் நல்லவளாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள். அருகில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் அதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மூன்று ஏக்கர் பஞ்சாயத்து நிலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாலை போட்ட காலத்தில் ஜல்லியும் லாரிகளும் நின்ற இடம். மேற்கே மேடு, கிழக்கே சரிந்து தாங்கலில் முடியும். தாங்கல் என்று நாம் சொல்வது ஏரியை விடச் சிறிய, மழைநீர் தேங்கும் நீர்நிலை. ஞானம்மாளும் மற்ற நால்வரும் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொழுக்கட்டைப்புல் விதைத்தார்கள். ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போய் மாடுகள் பிடித்து வந்தார்கள். ஞானம்மாள் அதற்கு முன்பு பதினைந்து ஆண்டுகள் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் பாத்திரம் தேய்த்தவர். அதற்கும் முன்பு, அவருடைய காலனியில் எல்லோரையும் போல, மற்றவர்களின் கழனியில் நடவும் களையும்.

கழனி வேலை அவர்கள் கையில் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றிருந்தது. பெருமழைக்கு முன்னால் எருவைக் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்பிவிட வேண்டும், மழை வந்து சத்தை இறக்கிவிடும். கூடை கூடையாக எருச் சுமந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இரண்டாம் ஆண்டுப் புரட்டாசிக் கடைசியில் ஐந்து பேரும், ஒரு வருடம் சேர்த்த சாணி எரு முழுவதையும் புல்லின் மேல் கனமாகப் பரப்பினார்கள். போகிற வழியில் பார்த்த நான்கூட, "நல்ல வேலை, நல்ல நேரத்தில் செய்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினேன். அறிவியல் ஆசிரியை!

ஐப்பசியில் மழை கொட்டியது. கார்த்திகையில் வெயில் எட்டிப் பார்த்ததும் தாங்கல் பச்சையாக மாறியது. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், பெயின்ட் கொட்டியதைப் போல. மார்கழியில் ஒரு விடியற்காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறும்போது வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தாங்கலில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் முனிரத்தினம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும். கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தார். பச்சைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

யார் செய்தது என்ற கேள்வியே எழவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதன் கால்வாய் தாங்கல் பக்கமாகத்தான் வருகிறது. நம் பகுதியில் புகையையும் கழிவையும் சகித்து வாழ்கிறவர்களின் கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஊரே என் வீட்டுக்கு வந்தது. நான் உட்கார்ந்து கலெக்டருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்து முத்து முத்தாக இருந்தது. "தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் மீன்கள் இறந்தன" என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தேன். அதை நான் சோதித்தேனா? இல்லை. மாணவர்களிடம், சோதிக்காமல் முடிவு எழுதாதே என்று எத்தனை நோட்டுகளில் சிவப்பு மையால் எழுதியிருப்பேன்!

கையெழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. ஞானம்மாள் முறை வந்தபோது பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, கையெழுத்து மறந்து பூட்டியா?" என்றார் கஸ்தூரி.

"ஒரு நாளு டைம் குடு டீச்சர்" என்று சொல்லி, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மார்கழியில் தப்பி வந்த ஒரு மழை. அது விட்ட பிறகுதான் அவர் என் வாசலுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் கையில் ஒரு பை நிறைய உமியும், சத்துமாவு வாங்கிய ஒரு பழைய தகர டின்னும் இருந்தன. டின்னின் அடிப்பகுதியை வெட்டி எடுத்திருந்தார். இரண்டு பக்கமும் திறந்த வளையம் அது.

முதலில் தொழிற்சாலைக் கால்வாய்க்கு அழைத்துப் போனார். ஓடுகிற தண்ணீரில் ஒரு பிடி உமியைத் தூவினார். உமி மிதந்து போக, நாங்கள் கரையோடு நடந்தோம். தாங்கலுக்கு நூறு அடி முன்னால் அந்தக் கால்வாய் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலத்தில் நுழைந்து மறுபக்கம் போய்விட்டது. உமியும் போய்விட்டது. இத்தனை ஆண்டுகள் அந்தச் சாலையில் பேருந்தில் போயிருக்கிறேன். கால்வாய் எங்கே திரும்புகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு புல்வெளியின் மேட்டுக்கு வந்து, புல்லுக்கு நடுவே வடிந்து கொண்டிருந்த பழுப்புத் தண்ணீரில் இன்னொரு பிடி தூவினார். அது வளைந்து வளைந்து இறங்கித் தாங்கலின் ஓரத்தில் போய் ஒதுங்கியது. அங்கே உமியோடு சாணித் துணுக்குகளும் ஒதுங்கிக் கிடந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. 

"இன்னும் முடியல, இரு" என்றார்.

டின்னைப் புல்வெளியின் நடுவில் வைத்து, மேலே ஒரு பலகையை வைத்துத் தட்டி மண்ணில் இறக்கினார். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. காத்திருந்தோம். "வா, நாஷ்டா துன்னுட்டு வரலாம்" என்றார். அவர் வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, திரும்பி வந்தோம். டின்னில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அதே டின்னை வேலி ஓரத்தில், லாரியும் நிற்காத, மாடும் மிதிக்காத வேப்பமரத்தடியில் இறக்கினார். அதே சொம்புத் தண்ணீர். அவர் வாய்விட்டு எண்ணத் தொடங்கி அறுபதைத் தொடுவதற்குள் மண் குடித்துவிட்டது.

மண் என்பது கெட்டியான பொருள் என்று நாம் நினைக்கிறோம். நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதில் காற்று இருக்கும். மழை வந்தால் காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீர் உட்காரும். வேருக்கு இரண்டும் வேண்டும். லாரிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் மிதித்து மிதித்து அந்த இடத்தை நெருக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. அது பக்கவாட்டில் ஓடும். ஓடும்போது மேலே கிடக்கும் எருவையும், அதில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். புல்லுக்குப் போட்ட உணவைப் பாசி தின்றுவிடும். பாசி பெருகினால் இரவெல்லாம் அதுவும் மூச்சு விட்டு, விடிவதற்குள் தண்ணீரில் இருக்கும் காற்று தீர்ந்துவிடும். மீன் மூச்சுத் திணறும். இதை அவரிடம் விளக்க, அப்போது சாப்பிட்டதையே உதாரணமாகச் சொன்னேன். இட்லி மேல் சாம்பார் ஊற்றினால் உள்ளே இறங்குகிறது, வெறும் தட்டில் ஊற்றினால் ஓரத்துக்கு ஓடுகிறது, அதுபோலத்தான் என்றேன்.

ஞானம்மாள் டின்னை மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்தார். "கழனியில எரு கொட்டினா பின்னாலயே ஏரு வந்து கலக்கிடும். வரப்பு தண்ணிய புடிச்சுக்கும். இங்க ஏரும் இல்ல, வரப்பும் இல்ல. நாங்க பாட்டுக்கு வருசம் பூரா தட்டுக்கு சாம்பார் ஊத்திக்கினு இருந்துருக்கோம்" என்றார். சிரித்தார். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

ஜனவரியில் கிராம சபை கூடியது. மனுவை வாசிக்க என்னை அழைப்பார்கள் என்று தெரியும். அந்த நிலத்தின் மேல் வேறு ஒருவருக்கும் கண் இருந்தது. டிரெய்லர் லாரிகள் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நிலம் கைவிட்டுப் போகும். நிலம் போனால் ஐந்து குடும்பங்களின் மாடுகளுக்குப் புல் இல்லை. ஐந்து பெண்களும் மறுபடி வேன் ஏறி, ஒப்பந்த வேலைக்குத்தான் போக வேண்டும். இது எனக்குத் தெரியும். அதனால் நான் ஒரு நடுவழி யோசித்து வைத்திருந்தேன். மனுவை வாசிக்காமல், "இன்னும் ஆராய வேண்டும்" என்று சொல்லித் தள்ளிப்போட்டு விடலாம் என்று. நான் எழுந்திருப்பதற்குள் ஞானம்மாள் எழுந்துவிட்டார்.

கஸ்தூரி அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடிக்கினு குந்துக்கா. நெலம் பூடும்."

"பூனா பூவட்டும், உடு." அவர் குரல் மைக் இல்லாமலே கேட்கும். "தாங்கல்ல கலந்தது ஃபேக்டரி தண்ணி இல்ல. எங்க மாட்டு சாணி. நாங்க போட்ட எரு. நான் பாத்துட்டேன், டீச்சரும் பாத்துச்சு."

 முனிரத்தினம் எழுந்தார்.  "ஏம்மா, அப்ப என் மீனைக் கொன்னது நீதானா?"

"நான்தான் நைனா."

திட்டுவதற்கு நிறைய வார்த்தைகளோடு எழுந்தவர் ஏதோ தெலுங்கில் முனகிவிட்டு உட்கார்ந்தார். டிரெய்லர்க்காரர், "அப்புறம் இன்னா, அவங்களே ஒத்துக்கினாங்க, நெலத்தைத் திருப்பி வாங்குங்க" என்றார். பஞ்சாயத்துத் தலைவர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். கடைசியில் முனிரத்தினமே சொன்னார்: "ஒரு மழைக்காலம் குடுத்துப் பாருங்க. அடுத்த மார்கழியில தண்ணி பச்சையாச்சுன்னா நானே வந்து வேலிய புடுங்குறேன்." அப்படியே முடிவானது.

வெளியே வந்ததும், வெட்கத்தோடு அந்த மனுவைக் கிழிக்கப் போனேன். ஞானம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிழிக்காத டீச்சர், வெச்சிரு. ஃபேக்டரிக்காரன் மெய்யாலுமே தப்பு பண்ற அன்னைக்கு எழுத வேண்டி வரும். அன்னைக்கு நம்ம கையெழுத்த நம்பணும்ல?" அவர் சொன்னவற்றில் நான் அதிகம் திருப்பிச் சொல்லிக்கொள்வது இதைத்தான். ஒரு ஊரின் வாக்குக்கு எப்படி மதிப்பு வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இனி மண்ணுக்குத் துளை போட வேண்டும். உழுதால் புல் போய்விடும். புல்லைக் கெடுக்காமல் குத்தித் துளையிட வேண்டும். அவர் தம்பி ஆரோக்கியம் காட்டுப்பள்ளியில் கப்பல் வேலை செய்யும் ஒப்பந்த வெல்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பழைய இரும்பு டிரம் ஒன்றின் மேல், நான்கு விரற்கடை நீளத்தில் கம்பித் துண்டுகளைப் பற்ற வைத்து, உள்ளே மணல் நிரப்பி, முள் உருளை ஒன்று செய்தார். பங்குனியில் கஸ்தூரியின் மருமகனுடைய சின்ன டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். காய்ந்த தரையில் உருளை டணார் டணார் என்று துள்ளியதே தவிர, ஒரு முள்ளும் இறங்கவில்லை.

"கப்பல் கட்றவனுக்கு ஒரு உருளை கட்டத் தெரியலையே" என்றார் அக்கா.

"கப்பல முழுவக்கூடாதுன்னு கட்டுவோம். நீ முழுவணும்னு கட்டச் சொல்றே. எனக்கு அது பழக்கம் இல்ல" என்றார் தம்பி.

குற்றம் உருளையில் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. ஆடியில் இரண்டு மாலை மழை பெய்து தரை ஊறியதும், ஞானம்மாள் கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். கையில் ஒட்டாமல், உதிராமல், சப்பாத்தி மாவு மாதிரி இருந்தபோது, "இப்ப ஓட்டு" என்றார். முள் சுகமாக இறங்கியது. ஆனால் டிரைவர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேராக ஓட்டினார். அடுத்த மழையில் துளை வரிசைகள் வாய்க்கால் மாதிரி தண்ணீரைக் கீழே அனுப்பிவிட்டன. மறுபடி சரிவுக்குக் குறுக்காக ஓட்டினார்கள். அதன் பிறகு, வானம் தெளிவாக இருந்த ஒரு வாரத்தில், முன்பு போட்டதில் பாதி எருவை மட்டும் மெலிதாகப் பரப்பினார்கள். மீதியைக் கூரைக்கு அடியில் மூடி வைத்தார்கள், தை மாதத்துக்கு.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் எழுத எளிதாக இருந்திருக்கும். ஆவணி மழையில் குடை பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் நானும் போய் நின்றோம். மேட்டிலும் நடுவிலும் தண்ணீர் நன்றாக இறங்கியது. தாங்கலை ஒட்டிய கீழ்க்கோடியில் மட்டும் பழுப்புத் தண்ணீர் ஓடியது, முன்பைவிட மோசமாக. அந்த மூலை களிமண். அடியிலேயே ஈரம் ஊறி நிற்கும் இடம். அங்கே போட்ட துளைகளில் தண்ணீர் நிரம்பி, உள்ளே விழுந்த எருவைக் கரைத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வயிறு நிறைந்த ஆளுக்கு வாயைத் திறந்து ஊற்றினால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

 மறுநாள் ஞானம்மாள் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, தாங்கல் ஓரமாக இருபது அடி அகலத்துக்குக் கட்டினார். "இந்தக் கயித்துக்கு அந்தாண்ட உருளை வேணாம், எரு வேணாம், மாடும் வேணாம். புல்லு வளந்து நிக்கட்டும். மேல இருந்து வர்றத அது புடிச்சுக்கும்."

"அங்கதான்க்கா புல்லு செமையா வளருது. பேஜாரு பண்ணாத" என்றார் கஸ்தூரி.

"அது நம்ம புல்லு இல்லடி. தாங்கலோட புல்லு."

ஐப்பசிப் பெருமழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் கயிற்று ஓரத்தில் நின்று வடியும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம். மழைக்கலங்கல் இருந்தது, சாணி நிறம் இல்லை. அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கார்த்திகை வெயிலில் ஒவ்வொரு நாளும் ஞானம்மாள் பால் ஊற்றிவிட்டு, தாங்கல் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். டிரெய்லர்க்காரரும் சில நாள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். மார்கழி பிறந்தது. தண்ணீர் பச்சையாகவில்லை. ஒரு காலை என் வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் ஒரு பை, பையில் இரண்டு கெண்டை மீன், இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா, தாங்கல்ல மீனு கீது. உன் மாட்டு சாணி எங்க பூச்சு?"

"புல்லு துன்னுடுச்சு நைனா" என்றார் ஞானம்மாள்.

ஞானம்மாள் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நிலம் அவர்களிடமே இருந்தது. இன்றும் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருவாலங்காட்டில் விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்குப் பேச வரச் சொல்லி அவரை அழைத்தார்கள். துணைக்கு நானும் ரயிலில் போனேன். மண்டபம் நிறைய நிலம் வைத்திருப்பவர்கள். அவர்கள் கழனிகளில் எருக்கூடை சுமந்த பெண்களைப் போன்ற ஒருத்தி மேடையில். அவர் உமி தூவியதில் தொடங்கி கயிறு கட்டியது வரை சொன்னார். களிமண் மூலையில் தோற்றதையும் சொன்னார். உருளை ஓட்டினால் மட்டும் போதாது, எருவைக் குறைக்க வேண்டும், மழை மேகம் தெரிந்தால் தொடவே கூடாது என்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர், கிண்டலாகத்தானா என்று எனக்குத் தெரியவில்லை, "உங்களுக்குச் சொந்தமா எத்தினி ஏக்கரும்மா?" என்று கேட்டார்.

"சொந்தமா ஒரு டின்னு கீது ஐயா" என்று சொல்லி, பைக்குள் இருந்து அதை எடுத்துக் காட்டினார்.

மண்டபம் சிரித்து ஓய்ந்ததும் அந்தப் பெரியவரே எழுந்து வந்து டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுத் தரையில் அதை இறக்கி, சொம்பில் தண்ணீர் ஊற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். ஞானம்மாள் தூரத்தில் நின்று, "எண்ணுங்க, எண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் படித்து டாக்டரானவர்கள் உண்டு, இன்ஜினீயர்கள் உண்டு. அந்தப் பிற்பகலில் அடைந்த பெருமை வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதும் சேர்ந்த பெருமை அது.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஆரோக்கியம் சவப்பெட்டியின் முன்பக்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருந்தார். முனிரத்தினம் கல்லறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "தாங்கல்ல இன்னிக்கு மீனு கீதுன்னா, அந்தம்மா அன்னைக்கு வாயத் தொறந்துச்சு பாரு, அதனாலதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதைக் கேட்டேன்.

மூன்றாம் நாள் நான் புல்வெளிக்குப் போனேன். உருளை ஓட்டி முடித்த தரையில் துளைகள் புதிதாக இருந்தன. அவர் இறப்பதற்கு முந்தின வாரம் அவரே நின்று ஓட்ட வைத்தது. எரு, குவியலாகத் தயாராக இருந்தது. பெண்கள் நால்வரும் கூடைகளோடு நின்றார்கள். அக்கா விட்டுப்போன வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. கஸ்தூரி கிழக்கே பார்த்தார். கடலுக்கு மேலே கருப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

"மேகம் வந்துக்கினு கீது. இன்னிக்கு வேணாம். மூடி வையுங்க" என்றார். கிராம சபையில் ஞானம்மாளின் சேலையைப் பிடித்து இழுத்த அதே கஸ்தூரி. தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்தார்கள். அன்று மாலை நல்ல மழை.

என்னிடம் ஞானம்மாளுடையவை என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று, அவர் கையெழுத்துப் போடாத அந்த மனு. அவர் பெயருக்கு நேரே இருக்கும் வெற்றிடத்தை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். மற்றது அந்த டின். கஸ்தூரி கொண்டுவந்து கொடுத்து, "ஊட்டுல கெடந்தா துருப் புடிச்சுடும், நீயே வெச்சிரு டீச்சர், கேக்குறவங்களுக்குக் குடு" என்றார். விளிம்பு நெளிந்து, தட்டித் தட்டிப் பளபளத்துக் கிடக்கிறது. வந்து கேளுங்கள், தருகிறேன்.

காத்திருக்க முடியாதென்றால், உங்கள் வீட்டுக் காலி டின் ஒன்றின் அடியை வெட்டி எடுங்கள். நீங்கள் எரு போடும் மண்ணில் அதை நான்கு விரல் ஆழம் இறக்குங்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.